பொம்மைக்கு வயதாகிறது

ரெடிமேட் பிளவுஸ் எனக்குப் பொருந்திய சரித்திரமே கிடையாது. கை சரியென்றால் இடுப்பு அடம்பிடிக்கும்! போன கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்... அளவெடுத்துத் தைத்ததுபோல் அப்படியே உட்கார்ந்தது.

பெரிய கடைதான். கண்ணாடிக் கதவு, ஏசி, தலைசுற்ற வைக்கும் விலை. போட்ட பிளவுஸைக் கழற்றாமலே முதலாளி ரீட்டாவிடம் கேட்டேன் — என்ன ரகசியம்?

"அப்பிடியே மேல வாங்கோ மிஸ், காட்டுறன்."

மேல்மாடி தையல் அறையில், மெஷின்களுக்கு நடுவே, துணி மாட்டிப் பார்க்கும் தலையில்லாத பொம்மை. இந்த மாதிரி பொம்மைகளுக்கு இடுப்பு ஒரு பிடிதானே இருக்கும்? இதற்கு வயிறு சரிந்திருந்தது. தோள் தொங்கி, முதுகு கூனத் தொடங்கியிருந்தது.

"இது எங்கட அக்கா" என்றார் ரீட்டா, சாதாரணமாக.

கொட்டாஞ்சேனையில், வீட்டு முன்னறையில், அக்காவும் தங்கையுமாக, கோயிலில் முதல் நன்மை வாங்கும் சிறுமிகளுக்கு வெள்ளை கவுன் தைக்கத் தொடங்கிய கம்பனி இது. தன் உடம்பளவிலேயே பஞ்சடைத்து இந்தப் பொம்மையைச் செய்தவர் அக்கா. எண்பத்துமூன்று கலவர நேரம் மருதானைக்கு நூல் வாங்கப் போனவர், திரும்பவேயில்லை.

"ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கொஞ்சம் பஞ்சு வைப்பன். அவவுக்கும் வயசு போகும்தானே? வாற நேரம் உடுப்பு இறுக்கினா என்ன செய்யிறது?"

எனக்கு முதுகு சில்லிட்டது. ஏசி என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடை வளர்ந்தது, மாடி உயர்ந்தது, வெளிநாட்டு ஓர்டரும் வந்தது. ஒல்லிப் பொம்மை வாங்கச் சொன்ன மனேஜரை ரீட்டா வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். ஐம்பது தாண்டிய நாமெல்லாம் 'நம்ம உடம்பு தெரிஞ்ச கடை' என்று ஓடுகிறோமே... காணாமற்போன ஒருத்தியின் உடம்பைத்தான் உடுத்திக்கொண்டு திரிகிறோமா? கடவுளே!

"மிஸ், ஒருக்கா அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கோ. பின்பக்கம் பார்ப்பம்."

ஜன்னலைப் பார்த்து நின்றேன். காலி வீதியில் பஸ் இரைந்தது. அறையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

ரீட்டாவின் விரல் என் தோளில், தையலோடு மெல்லப் போனது. நின்றது.

"அக்கா..."

அதுவரை என்னை மிஸ் என்றுதான் அழைத்தவர்.

நான் திரும்பவில்லை. எப்படித் திரும்புவேன், சொல்லுங்கள்? திரும்பினால் என் முகம்தானே தெரியும்!