யோசப்பின் மிஸி திறந்த அறை

யாழ்ப்பாணத்துக் குருநகர்ச் சனங்கள் யோசப்பின் என்பவளை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அரசாங்க ஆசுப்பத்திரியில் நெடுங்காலம் தாதியாக இருந்தவள். எண்பத்தாறில் கடலுக்குப் போன புருசன் இன்னாசித்தம்பி கடற்படையின் சூடுபட்டு விழுந்தான் என்று கூடப்போனவர்கள் வந்து சொன்னார்கள். உடல் கரைக்கு வரவில்லை. பிள்ளைகளும் இல்லை. கொஞ்சக் காலம் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டின் முன்னறையில் ஆட்கள் இருக்க ஒரு வாங்கும் இரண்டு கதிரையும் போட்டு, காயங்களுக்கு மருந்து கட்டத் தொடங்கினாள். ஊரடங்கு நாட்களில் ஆசுப்பத்திரிக்குப் போக முடியாமல், தூண்டில் கிழித்த சின்னக் காயமும் சீழ்பிடித்துக் கையையே கொண்டுபோவதை அவள் கண்டிருந்தாள்.

அவளோடு ஆசுப்பத்திரியில் ஒரே வாட்டில் வேலை பார்த்த மீனாம்பிகைக்கு இது பிடிக்கவில்லை. வலிகாமத்துத் தோட்டக்காரக் குடும்பத்துப் பெண் அவள். வேலையைக் கோயில் தொண்டு போல நினைப்பவள்.

“நாங்கள் என்ன கடைக்காரரே? காயத்தைக் கழுவிப்போட்டுக் காசுக்குக் கை நீட்டினால் ஆர் எங்களை மதிப்பினம்?” என்று கேட்டாள்.

“இவ்வளவு காலமும் டொக்குத்தர் சொன்னதைச் செய்தன், மேற்றன் சொன்னதைச் செய்தன். நானாய் நினைச்சுத் தொடங்கினது இது ஒண்டுதான். விடிய எழும்புறதுக்கு எனக்கும் ஏதாவது வேணும், மீனா.”

மீனாம்பிகை எழுந்து போய்விட்டாள். ஆனால் பொருளாதாரத் தடை வந்து, பஞ்சும் துணியும் கிடைக்காமல் போனபோது, தன் பழைய நூல்சேலைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றவள் அவள்தான். இருவருமாகக் கிழித்து, அவித்து, வெயிலில் காயவைத்தார்கள்.

காலில் கொதிநீர் கொட்டிய புண்ணோடு அருமைநாயகி வந்தது அந்தக் காலத்தில்தான். புருசனைப் பறிகொடுத்துவிட்டுத் தமையன் வீட்டில் சமைத்துப்போட்டுக் குசினியே கதியென்று கிடந்தவள். கேட்ட கேள்விக்கும் நிலத்தைப் பார்த்தே பதில் சொல்வாள். புண் ஆறிய பிறகும் வந்தாள். துணி அவித்தாள், கூட்டினாள், மெல்ல மெல்ல மருந்து கட்டவும் பழகினாள். வருமானத்தில் அவளுக்கும் பங்கு கொடுத்தாள் யோசப்பின். சில மாதங்களில் அருமைநாயகியின் சிரிப்பு வெளியே ஒழுங்கை வரைக்கும் கேட்டது. தமையன் வீட்டைவிட்டுத் தனியாக ஒரு குடிசைக்கும் போய்விட்டாள்.

பக்கத்துப் பாசையூரில் இருந்து சனங்கள் நடந்து வருவதைப் பார்த்து, அங்கே ஒரு அறை திறக்கும்படி யோசப்பின்தான் அவளிடம் சொன்னாள்.

“எனக்கு ஏலுமே, மிஸி?”

“ஏலும். என்ரை நிழலிலை எத்தினை காலத்துக்கு நிக்கப்போறாய்?”

அருமைநாயகி திறந்தாள். சனம் வந்தது. ஒரு வருசம்கூட நிறையவில்லை. ஒரு முற்பகலில் கடற்பக்கமிருந்து வந்த செல் குண்டு அந்த அறையின் மேல் விழுந்தது. யோசப்பின் ஓடிப்போனபோது ஓட்டுக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அருமைநாயகியின் உடலைக் கழுவித் துடைத்தது யோசப்பின்தான். வேறு ஒருவரையும் தொட விடவில்லை.

அதன் பிறகு அவள் முன்னறையைத் திறக்கவில்லை. கதவைத் தட்டியவர்களிடம் ஆசுப்பத்திரிக்குப் போகச் சொன்னாள்.

மீனாம்பிகை வந்து பக்கத்தில் இருந்தாள். “நான் போகச் சொல்லியிருக்காட்டி அவள் இந்த வாங்கிலை இருந்திருப்பாள்” என்றாள் யோசப்பின்.

“ஓம், இருந்திருப்பாள்,” என்றாள் மீனாம்பிகை. “ஆனால் அங்கை போன பிறகுதான் அவள் நிமிர்ந்து நடந்தவள். அதையும் நான் கண்டனான்.”

யோசப்பின் அழுதாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுதும் மழைக்குள் இடம்பெயர்ந்தபோது இருவரும் ஒன்றாகவே நடந்தார்கள். கோடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் தங்கினார்கள். நடந்து நடந்து கால் வெடித்தவர்களும் காய்ச்சல்காரருமாகச் சனம் நிறைந்திருந்தது. யோசப்பின் மறுக்காமல் எழுந்து வேலை செய்தாள்.

ஒருநாள் லூர்த்தம்மா என்ற விதவை, துணி அவிக்கும் அடுப்பருகே வந்து, தனக்கும் இந்த வேலையைப் பழக்கிவிடச் சொல்லிக் கேட்டாள். யோசப்பின் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. “என்னட்டைக் கேளாதையும், பிள்ளை,” என்றாள்.

லூர்த்தம்மா தயங்கி நின்றாள். மீனாம்பிகை அவளைக் கூப்பிட்டு, முதலில் கையைக் கழுவச் சொன்னாள்.