டேரல் எல்லோருக்கும் தாய்மொழி வைத்த கதை

டேரல் ஒலெக்சுக்குக்கு மனிதர்களோடு பேசுவது பிடிக்காது. மற்றபடி நல்லவன். சுப்பீரியர் ஏரிக்கரையில் எங்கள் ஊர் நகராட்சியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள். கூப்பிட்டால் வருவான், சரிசெய்வான், நாம் பனியைப் பற்றி வாயெடுக்கும் முன் போய்விடுவான்.

அந்த வசந்தத்தில் மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. ஊழியர்கள் கணினித் திரையைத் தங்களுக்குப் பிடித்த மொழியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் கேட்டவள் நூலகத்து ஜினெட். அவளுக்குப் பிரெஞ்சு வேண்டும். டேரல் மொழிப்பொதியை இறக்கி, நிறுவி, கணினியை அணைத்து மறுபடி போடும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார வேண்டியிருந்தது. அதற்குள் அவள் தன் பூனையின் சிறுநீரகக் கல்லைப் பற்றி விவரமாகச் சொல்லி முடித்துவிட்டாள்.

“மிச்சப் பேரு அத்தனை பேரும் இருக்காங்க, ஷீனா,” என்றான் என்னிடம். “ஒவ்வொருத்தருக்கும் ஒரு பூனை இருக்கும்.”

அதனால் ஒரு நிரல் எழுதினான். மதியச் சாப்பாட்டு வேளையில் அது எல்லாக் கணினிகளிலும் தானாகவே மொழியை நிறுவி மாற்றிவிடும். யாருக்கு எந்த மொழி என்று கேட்டால் பேச்சு வளரும். ஆகவே குடும்பப் பெயரை வைத்து நிரலே முடிவு செய்யும்படி விட்டான். ‘னென்’ என்று முடிந்தால் பின்னிஷ், ‘சுக்’ என்றால் உக்ரைனியம், ‘மெக்’ என்று தொடங்கினால் ஸ்காட்லாந்தின் கேலிக்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், ஷீனா மெக்கின்னனாகிய என் திரையில் கேலிக். என் கொள்ளுத்தாத்தாவே மறந்துபோன மொழி. சாலைப் பிரிவு லிசா ஹைவனென் நேராக டேரலிடம் போய் நின்றாள்.

“எங்கம்மா ஓஜிப்வே பழங்குடி, எங்கப்பாவும் ஓஜிப்வே. புருஷன் பேரு மட்டுந்தான் பின்னிஷ். அவனையே தள்ளி வச்சாச்சு. இப்ப அவன் பாஷை வந்து என் மேசையில உக்காந்திருக்கு.”

டேரல் தன் திரையைத் திருப்பிக் காட்டினான். அவன் கணினியே உக்ரைனியத்தில் இருந்தது. அவனுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. “இனி நிரல் கிரல் ஒண்ணும் வேண்டாம். ஒவ்வொரு மேசைக்கும் நீயே போய்க் கேட்டு மாத்து,” என்றாள் மேலாளர்.

ஒருவர் மட்டும் மாற்ற விடவில்லை. என் பக்கத்து மேசைக்காரர், வரிப் பிரிவுத் தலைவர் ஆர்வோ ஹெய்க்கினென். பின்னிஷ் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர்.

“என் பாஷைப்பா. அப்படியே இருக்கட்டும்.”

அவருக்குத் தெரிந்த பின்னிஷெல்லாம் வணக்கமும் ரொட்டி வகைகளும்தான். பொத்தான்கள் இருந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டே வேலையை ஓட்டினார். ஒரு வியாழக்கிழமை, தன் வீட்டுச் சாவ்னா என்கிற நீராவிக் குளியலறைக்கு மீன்பிடித் தோழரை அழைத்து, “சாயங்காலம் சாவ்னா சூடா இருக்கும், துண்டோட வா,” என்று எழுதினார். திரை ஏதோ கேட்டது. கம்பீரமாக ஒரு பொத்தானை அழுத்தினார். வரி கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் நகராட்சி முத்திரையோடு அந்த அழைப்பு போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் அவர் வாசலில் துண்டும் கையுமாக ஊரே வரிசையில் நின்றது. வராவிட்டால் அபராதமா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் சென்ற ஆண்டு ரசீதையும் கொண்டுவந்திருந்தார். ஆர்வோ விறகு போட்டு, கற்களில் தண்ணீர் ஊற்றி, ஐந்தைந்து பேராக உள்ளே அனுப்பினார். அலுவலக உத்தரவென்று நம்பி டேரலும் வந்திருந்தான்.

கடைசியில் உள்ளே மேல்பலகையில் ஆர்வோவும் டேரலும் எஞ்சினார்கள். கீழ்ப்பலகையில் நான் இருந்ததை ஆவியில் கவனிக்கவில்லை.

“டேரல், ‘லாஹெத்தா காய்க்கில்லெ’ன்னா என்ன?”

“எல்லாருக்கும் அனுப்பு.”

ஆர்வோ கற்களில் இன்னொரு கரண்டி தண்ணீர் ஊற்றினார்.

“நான் ‘அன்புடன்’னு நினைச்சேன்,” என்றார். “சங்கத்துல சொல்லிடாதப்பா.”

“நான் யார்கிட்டங்க பேசறேன்?”

மறுநாள் டேரல் அவருடைய கணினியைத் திறக்கும்போது வரும் முகப்புத் திரையை மட்டும் பின்னிஷில் விட்டுவிட்டு, உள்ளே முழுக்க ஆங்கிலம் வைத்துக் கொடுத்தான்.

அழைப்பைத் திரும்பப் பெறுவது எப்படியென்று நகராட்சியில் யாருக்கும் தெரியவில்லை. வியாழன்தோறும் ஜனம் வந்தபடி இருக்கிறது. டேரலும் தவறாமல் வருகிறான். சாவ்னாவுக்குள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் மரியாதை என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.