செருப்புத் தோல் வாஷர்

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். சமையலறைக்குள்ளேயே ஒரு பித்தளைக் குழாய். தெருக்குழாயடியில் இடிபட்டு, ஏச்சு வாங்கியே வளர்ந்த எனக்கு அந்தக் குழாய்தான் அந்த வீடு. ஒருநாள் அது சொட்ட ஆரம்பித்தது.

முன்கட்டு வீட்டுக்காரம்மா வந்து பார்த்தாள். "இந்தாம்மே, வெள்ளிக்கெழமைக்குள்ள இது நிக்கல, கொழாய கயட்டிட்டு மூடி போட்டுடுவேன். தெருவுல போய் புடிச்சுக்கோ."

"யாராச்சும் ஆள இட்டாந்து காட்டேன் யக்கா."

"போன வருசம் என் கொழாய்க்கும் ஒன் கொழாய்க்கும் நான்தான ஆள இட்டாந்து புது வாஷர் போட்டேன்? ஒனக்கு இதே வேலையாப் பூட்ச்சு!"

என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அவருடைய ஸ்பேனர் வீட்டில் இருந்தது. பொம்பளை ஸ்பேனர் பிடித்தால் கையா ஒடிந்துவிடும்?

கொல்லையில் எங்கள் கட்டுக்கென்று இருந்த வால்வை மூடிவிட்டு, குழாயின் தலையைத் திருகிக் கழற்றினேன். உள்ளே தண்ணீரை அடைக்கும் வாஷர் ஒருபக்கம் தேய்ந்து கிடந்தது. தோல்! வார் அறுந்து கிடந்த என் செருப்பை எடுத்தேன். அடித்தோலைத் தேய்த்துக் கழுவி, ஓட்டைக் காலணாவை மேலே வைத்து வட்டம் கீறி, அரிவாள்மனையில் அறுத்தேன். முதல் வட்டம் கோணல். இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. குழாயைத் திருகும் தண்டில் எண்ணெயில் தோய்த்த நூலைச் சுற்றி, தலையை முடுக்கி, வால்வைத் திறந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. தனியாக நின்று சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரம்மா இரும்பு மூடியோடு வந்தாள். குழாயைப் பார்த்தாள். மூலையில் வட்டமாக ஓட்டை விழுந்து கிடந்த செருப்பையும் பார்த்துவிட்டாள்.

"அடிப்பாவி! குடிக்கிற தண்ணில செருப்ப வெட்டிப் போட்டுக்கீறியா? வூடே கலீஜாப் பூட்ச்சு! இப்பவே கயட்றேன் பாரு!"

"கயட்டு யக்கா. அதுக்கு முன்னாடி கைய நீட்டு."

மூடியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். பழைய வாஷரை அதில் வைத்தேன்.

"இன்னாது இது?"

"போன வருசம் நீ இட்டாந்த ஆளு போட்டது. வெளிச்சத்துல பாரு, ஓரத்துல தையல் ஓட்டை கீது. எவன் செருப்போ! ஒன் கொழாய்லயும் இதான் கீது. நானாச்சும் கழுவிப் போட்டேன்."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. வாஷரை வீசிவிட்டுச் சட்டென்று கை கழுவ ஓடினாள். பக்கத்தில் இருந்தது என் குழாய்தான். அதைத் திறந்து, மூன்று தரம் தேய்த்துக் கழுவி, மூடினாள். இரண்டு பேரும் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். சொட்டவில்லை.

விறுவிறுவென்று முன்கட்டுக்குப் போய்விட்டாள். கொண்டுவந்த மூடியை மறந்துவிட்டாள். நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.