முகம் உள்பக்கம்

அவருக்குத் தெருவில் வைத்த பெயர் நிதானம். மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்த்துப் பொருத்துவது தொழில். ஒரு வில்லையை அவர் சட்டத்தில் உட்கார வைப்பதற்குள், கொடுத்தவர் பக்கத்துக் கடையில் முடியே வெட்டிக்கொண்டு வந்துவிடலாம். வேலை என்னவோ படு சுத்தம். ஆனால் அந்த நிதானம் கடையோடு நிற்காமல் வீடு வரைக்கும் கூடவே வந்துவிடும், அதுதான் தலைவலி. கை கழுவுவதென்றாலும் விரல் விரலாக, நகம் நகமாகக் கழுவுவார். அதற்குள் மனைவி சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

மகள் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது, சாட்சிக் கையெழுத்தை அப்பாதான் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அம்மாவும் மகளும் முன்னால் போய்விட்டார்கள். பின்னாலேயே காரை எடுத்துக்கொண்டு வர வேண்டிய மனுஷர், என்ஜின் சத்தம் ஒரு மாதிரி இருக்கிறதே என்று பிளக்கைக் கழற்றித் துடைக்க உட்கார்ந்துவிட்டார். அவர் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் போட்ட கையெழுத்தில் மை காய்ந்திருந்தது. மகள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படியே ஏறவில்லை. பேரன் பிறந்ததைக்கூட அம்மாவிடம்தான் சொன்னாள்.

இன்று வருகிறாள். சாயங்காலப் பேருந்தில், குழந்தையோடு. அந்தப் பேருந்து இங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவள் மாமியார் இருக்கும் ஊருக்குப் போகும். அப்பா வந்து நிற்க வேண்டும், நிற்காவிட்டால் இறங்கவே மாட்டேன், அப்படியே மாமியார் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

காலையில் எழுந்து பார்த்தால் காருக்கு அடியில் எண்ணெய்க் குளம். என்ஜினிலிருந்து தண்டு வெளியே வரும் இடத்தில், எண்ணெய் கசியாமல் பிடித்துக்கொள்ளும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். அது போய்விட்டிருந்தது. மெக்கானிக் நாளைக்குத்தான் வர முடியும் என்றார். வாடகைக் கார் சொல்லிவிடலாம் என்றார் மனைவி. இவர் கேட்டால்தானே! அன்றைக்கு இந்தக் காரால் போன மானத்தை இன்றைக்கு இதே காரால்தான் மீட்பாராம்.

உதிரிபாகக் கடையில் அந்த அளவில் ஒரே ஒரு சீல்தான் இருந்தது. கடைக்காரர் அதைக் கொடுக்கும்போது, முகம் உள்பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

பழைய சீல் அசைந்து கொடுத்தால்தானே புதியதைப் போடுவது? வெயிலிலும் சூட்டிலும் வெந்து, இரும்போடு இரும்பாக இறுகிக் கிடந்தது. கொக்கியை விட்டு இழுத்தார். ரப்பர்தான் துணுக்குத் துணுக்காக வந்தது. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பப் பயம். கை தவறித் தண்டில் ஒரு கீறல் விழுந்தால், எத்தனை புது சீல் போட்டாலும் எண்ணெய் நிற்காது. மல்லாந்து படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சீலின் தகட்டில் சின்னதாக இரண்டு துளை போட்டு, அதில் திருகாணிகளை முறுக்கி, குறட்டால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று இழுத்தார். நிதானம் நிதானமாக இருந்து உருப்படியாகச் செய்த காரியம் அது. ஆனால் வெயில் சுவர் தாண்டிப் போய்விட்டது. மனைவி வாசலுக்கும் கடிகாரத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

கடைசியில் ‘டப்’பென்று தகடு தெறித்து விழுந்தது, எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று தெரியாதபடி உருக்குலைந்து. தண்டில் கீறல் இல்லை. நேரமும் இல்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரப்பட்டார். புது சீலைக் கையில் எடுத்தார். ஒரு பக்கம் எழுத்து பொறித்திருந்தது, மறுபக்கம் சின்ன ஸ்பிரிங் ஓடியது. எது முகம்? அவர் தொழிலில் இதற்கு யோசனையே தேவையில்லை. எண் எழுதுகிற பக்கம்தான் வில்லைக்கு முகம். எழுத்தை உள்பக்கம் வைத்து, குழாய்த் துண்டால் தட்டி இறக்கினார். எல்லாவற்றையும் மாட்டிச் சாவியைத் திருப்பினார்.

எண்ணெய் கொட்டியது. காலையில் சொட்டியது, இப்போது ஓடியது. ஸ்பிரிங் இருக்கும் பக்கம்தான் எண்ணெயைப் பார்க்க வேண்டும் என்பது அந்தக் கறுப்பு ஓடையைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

குறட்டைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடியும் காருக்கு அடியில் நுழையப் பார்த்தார். கழற்றித் திருப்பிப் போட்டுவிடலாம், கொஞ்சம் பொறு என்றார். மனைவி குறட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

“அவ காரையா வரச் சொன்னா? உங்களத்தானே வரச் சொன்னா.”

அவர் எழுந்து குழாயடிக்குப் போய், சோப்பைக் குழைத்து முதல் விரலை ஆரம்பித்தார். மனைவி வந்து குழாயை மூடினார். வாசலில் மனைவி முன்பே சொல்லி வைத்திருந்த வாடகைக் கார் நின்றது. சொல்லாமல் செய்த அந்தக் காரியத்துக்காக இந்த அம்மாளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

வழியில் ஒவ்வொரு சிக்னலும் சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டால் அந்தக் காய்ந்த மைதான் தெரிந்தது. பேருந்து நிறுத்தத்தில் பாதி ஓட்டமாக இறங்கினார். பேருந்து உறுமிக்கொண்டு நின்றது, நடத்துநர் விசிலை வாயில் வைத்திருந்தார். படிக்கட்டில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இறங்காமல், கம்பியைப் பிடித்தபடி மகள் கூட்டத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

அவர் எதிரே போய் நின்றார். மகள் அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். பார்வை கைகளில் வந்து நின்றது. முழங்கை வரை கறுப்பு.

“கையக் கூடக் கழுவலியாப்பா?”

“நேரமில்லம்மா.”

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் தளும்பிவிட்டது. அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அவள் அதைக் கண்டுகொள்ளாமல் குழந்தையை முன்னால் நீட்டினாள். விழுந்துவிடுமோ என்று பதறி அவர் இரண்டு கையாலும் வாங்கினார். வெள்ளைச் சட்டையில் பத்து விரலும் பதிந்துவிட்டன. ஐயோ என்று விரலை எடுக்கப் பார்த்தார்.

“இருக்கட்டும். அன்னைக்குப் போடாத கையெழுத்துக்கு இன்னைக்குக் கைநாட்டு” என்று சொல்லிக்கொண்டே அவள் கம்பியை விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

நடத்துநர் விசில் கொடுத்தார். பேருந்து கிளம்பிப் போனது.