உட்காராத தையலக்கா

சட்டைக் கை பாதி தைத்தபடி ஊசியில் மாட்டிக்கொண்டிருக்க, தையலக்கா எழுந்துவிடுவார். கடை வாசலிலிருந்து மருந்துக்கடை வரை விறுவிறுவென்று போய்த் திரும்புவார். பிறகு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து மெஷினை ஓட்டுவார். மணிக்கொரு தடவை இந்த ஊர்வலம் உண்டு. அவசரத்தில் வந்தவர்கள் முகம் சுளித்தால், "என் ரத்தத்துக்குப் பொறுமை பத்தாதுங்க. அசையாம உக்காந்தா போதும், உறைஞ்சு கட்டியாயிடும்" என்பார், திரிந்துபோன பாலைப் பற்றிப் பேசுவது போல.

அது அப்பா வழியில் வந்த சொத்து. வீடு வாசல் எதுவும் வைக்காத மனிதர், இதை மட்டும் தாராளமாகக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் மூச்சுத் திணறி விழுந்தபோது எல்லாரும் மாரடைப்பு என்றே நினைத்தார்கள். அக்காவுக்குக் காலில் ரத்தக்கட்டி வந்து, பரிசோதித்துப் பார்த்த பிறகுதான், அப்பாவுக்கும் இப்படியொரு கட்டி நுரையீரலில் போய் அடைத்திருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம் வந்தது.

தொழில் புத்தி லேசில் விடுமா? காலை இறுக்கிப் பிடிக்கும் நீளக் காலுறை ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். போட்டுப் பார்த்த அக்காவுக்கு அளவு தப்பு என்று பட்டது. வீட்டுக்கு வந்ததும் ஓரத்தைப் பிரித்து, நடுவே ஒரு பட்டைத் துணி கொடுத்து, பூப்போல உட்காரும்படி தைத்துக்கொண்டார். பிரித்த இடமே தெரியவில்லை. கால்தான் மறுபடி வீங்கியது. டாக்டர் காலுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா இதப் பிரிச்சது?"

"நான்தான் சார். ரொம்பப் பிடிச்சிச்சு."

"பிடிக்கத்தாம்மா குடுத்தோம்!"

இதை அக்காவே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வயிறு குலுங்கச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் ஓரக்கண்ணால் தங்கையைப் பார்ப்பார்.

அடுத்த மெஷினில் காலர் தைப்பவள்தான் தங்கை. மாசமாக இருக்கிறாள். கர்ப்பத்தில் ரத்தம் இன்னும் சுலபமாக உறையும், நீயும் பரிசோதனை செய்துகொள் என்று சொல்லிச் சொல்லி அக்காவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "உனக்கு இருந்தா எனக்கும் இருக்கணுமா? நான் அம்மா ஜாடை" என்று தங்கை ஒரே போடாகப் போட்டுவிடுவாள். அது துணிச்சல் இல்லை, பயம். அது தெரிந்ததால்தான் அக்காவுக்கு அதட்டவும் மனசு வரவில்லை.

"டெஸ்ட் வேணாம்னா போ. கால் அளவாச்சும் எடுக்க விடு" என்று கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. ஒரு கால் மட்டும் வீங்கினால் கட்டியாக இருக்கலாம், உடனே ஓடி வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் கடை திறந்ததும் தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டுவாள்.

"பேன்ட்டா தைக்கப் போற?"

"தைச்சா உன் புள்ளைக்குத் தைக்கறேன். ஆடாம இரு."

இன்று காலை வலது கெண்டைக்கால் எப்போதும் போல இருந்தது. இடது காலில் சுற்றிய டேப் வழக்கமான கோட்டைத் தாண்டி நின்றது. அக்கா பிரித்து மறுபடி சுற்றினார். டேப் அதே இடத்தில்தான் நின்றது.

"நேத்து ரொம்ப நேரம் நின்னேன்க்கா, அதான்" என்றாள் தங்கை. அக்கா மூன்றாம் தடவை டேப்பைச் சுற்றுவதைக் கண்டு குரல் தணிந்தது. "எவ்வளவுக்கா?"

அக்கா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் கிடந்த தங்கையின் செருப்புகளை எடுத்து வந்து, தரையில் மண்டியிட்டு, ஒவ்வொரு காலாகத் தூக்கி மாட்டிவிட்டார்.