கோட்டம் எடுத்த ஞாயிறு

ரோஸ்லினுக்கு எதையும் திறந்து பார்க்காவிட்டால் சோறு இறங்காது. மிக்ஸி நின்றாலும் பிரிப்பாள், ஓடினாலும் பிரிப்பாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து பாகூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் கரும்பு கட்டப் போனவள், போன வருஷம்தான் பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரி லாண்டரியில் சேர்ந்தாள். விடியற்காலை ஷிப்ட். அந்நேரத்துக்கு பஸ் ஏது? சைக்கிள்தான் கதி.

சனிக்கிழமை வேலை முடிந்து வரும்போது, கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கப் போய்ப் பள்ளத்தில் விட்டாள். முன்சக்கரம் கோணிக்கொண்டது. உருட்டினால் ஃபோர்க்கில் உரசி நின்றது. இன்னொரு முறை லேட்டானால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். திங்கள் விடிவதற்குள் சக்கரம் ஓடியாக வேண்டும்.

சைக்கிள் கடைக்காரர் நாகராஜன், தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். "சக்கரம் கோணிக்கிட்டா கோட்டம் எடுக்கற சாவி இதான். எப்டி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியாது" என்று நீட்டினாள் அவர் மனைவி அமுதம். ரோஸ்லினுக்கு அது போதும்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினாள். ஃபோர்க்கில் ஒரு ஈர்க்குச்சியைக் கட்டிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினாள். குச்சியில் ரிம் எங்கே இடிக்கிறதோ, அங்கே கோணல். ரிம் வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கத்துக் கம்பியை முறுக்க வேண்டும் என்பதைப் பார்த்தே பிடித்துவிட்டாள். சாய்ந்த கரும்பை எதிர் வரிசைக் கரும்போடு இழுத்துக் கட்டுகிற மாதிரிதானே?

கண்ட இடமெல்லாம் இறுக்கினாள். கரும்பு கட்டிய கைக்கு முடிச்சுப் போடத்தான் தெரியும், வெட்டும்வரை அவிழ்த்துப் பழக்கமில்லை. மத்தியானத்துக்குள் சக்கரம் பக்கவாட்டில் ஆடுவதை விட்டுவிட்டு மேலும் கீழும் குதிக்கத் தொடங்கியது.

புருஷன் சூசைநாதன் எட்டிப் பார்த்தான். "இன்னாடி, வட்டத்த முட்டையாக்கி வச்சிருக்க? இனிமே நாகராஜனே வந்தாலும் தொடமாட்டாரு."

அவளுக்கு அழுகை முட்டியது. வேலை போனால் மறுபடியும் கொல்லைதான், கரும்புச் சோகை கையை அறுக்கும். பயம்தான். ஆனாலும், எதனால் குதிக்கிறது என்ற குடைச்சல் பயத்தையும் மிஞ்சியது. ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிப் பார்த்துக்கொண்டே போனாள். ரிம் பள்ளமாகியிருந்த இடத்தில் மட்டும் கம்பிகள் கீச்சென்று கத்தின. இரண்டு பக்கமும் சேர்ந்து ரிம்மை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன.

"இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் விட்டுக் குடுக்கணும்பா. நான் விடவே இல்ல" என்றாள்.

எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு பக்கம் கால்வாசித் திருகு இறுக்கினால் மறுபக்கம் கால்வாசித் திருகு தளர்த்தினாள். பொழுது சாயும்போது ரிம் ஓரிடத்தில் மட்டும் குச்சியை லேசாகத் தொட்டது. ஆசைப்பட்டு அதையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை, ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பே ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்தாள். இரவுக் காவல் முடித்துக் கிளம்ப இருந்த அய்யனார், "இன்னாம்மா, முன்சக்கரம் லேசா ஆடுது? கடைல காட்டக்கூடாதா?" என்றார்.

"சரி பண்ணதே இப்டித்தாண்ணே. நாந்தான் பண்ணேன்."  சந்தோஷமாகச் சொல்லும்போதே கண் அவருடைய சைக்கிளுக்குப் போய்விட்டது. குனிந்து பின்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "உங்களுது இதவிட மோசம்ணே. வண்டிய வுட்டுட்டுப் போங்க. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பாத்துடறேன்."