கடவுச்சீட்டு இல்லாத பசு

காட்டு எல்லைக்குப் புதிதாக நட்ட கல்லைத் தாண்டி எங்கள் பசு புல் மேய்ந்ததாம். வன இலாகாக் கந்தோர்க்காரர்கள் பிடித்துப்போய்க் கட்டிவிட்டார்கள். கன்று பிறந்து ஒன்பது நாள்தான். பாலில்லாமல் வீட்டில் கத்திக்கொண்டு கிடந்தது. கந்தோருக்கு ஓடினால், "கூட்டம் முடியட்டும்" என்று என்னையும் ஒரு கதிரையில் இருத்திவிட்டார்கள்.

கொழும்பிலிருந்து ஒரு துரை வந்திருந்தார். முழங்கால் வரை சப்பாத்து. அதில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. வெளிநாட்டில் தான் போய்ப் பார்த்த மலையைத் திரையில் காட்டினார். இரண்டு நாடுகள் சேர்ந்து காவல் காக்கிற காடாம். பனி, பாறை, மான். எந்தப் படத்திலும் அந்தத் துரையின் தொப்பி இல்லாமல் இல்லை.

"அங்க மிருகங்களுக்கு எல்லையே இல்ல. காலையில ஒரு நாட்டில மேயும், பின்னேரம் மற்ற நாட்டில தண்ணி குடிக்கும்" என்றார்.

கூட்டத்தில் கொடுக்கிற ரோல்ஸ் தின்ன வந்த சனம் கைதட்டியது. என் மாட்டைக் கட்டிய அதிகாரிதான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

நான் எழும்பித் துரையைக் கேட்டேன். "மனே, அந்த மானுகள ஆரும் பிடிச்சுக் கட்டுறல்லையா?"

"சேச்சே, இல்ல அம்மா."

"அப்ப என்ட மாட்டில மட்டும் என்ன குறை? கொம்பு சின்னனோ?"

அதிகாரியின் முகம் புளித்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் என்னைக் கந்தோரின் பின்பக்கம் கூட்டிப்போய், பசுவின் தொடையில் சுட்டிருந்த குறியைக் காட்டினார்.

"மாட்டுப் பதிவு அட்டையில உங்கட புருஷன்ட பேர் கிடக்கு. இந்தக் குறியில அவர்ர பேரெழுத்து இல்லையே?"

"இது என்ட தாய்வழிக் குடிக்குறி, மனே. மனிசன் கலியாணம் முடிச்சு எங்கட வீட்டுக்கு வந்தவர். அவருக்குக் குறி சுடல்ல. எங்க ஓடப்போறார் எண்டு விட்டுட்டம்."

பின்னால் வந்த துரை இதைக் கேட்டு, புதையல் கண்டவர்போலக் கமராவைத் தூக்கினார். கட்டிக்கிடந்தால் படம் சரிவராதாம். அதிகாரியே குனிந்து முடிச்சை அவிழ்த்து, கயிற்றை என் கையில் தந்தார். அந்த மலைக்குப் போய்த் துரை படித்து வந்த படிப்பு எனக்கு உதவியது அவ்வளவுதான்.

"கமராவப் பாக்காதீங்க அம்மா. வீட்ட போற மாதிரி நடங்க" என்றார் துரை.

நடந்தேன். கந்தோர் வாசல் படலையையும் தாண்டினேன்.

"நடந்தது காணும் அம்மா, திரும்பி வாங்க!" என்று அதிகாரி கத்தினார்.

"இன்னும் வீடு வரல்லையே, மனே!"

துரை படமெடுப்பதை நிறுத்தவில்லை. அந்தக் கமராவுக்கு முன்னால் ஒரு கிழவியைத் துரத்தி ஓட அதிகாரிக்கு வெட்கம். பசுவுக்கு அதெல்லாம் இல்லை. மடி கனத்து, என்னையும் இழுத்துக்கொண்டு ஓடியது.